அலுமினிய உறைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் ஒரே பிளாஸ்டிங் துகள் போதுமா?

கேள்வி:
பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சினின் அலுமினிய உறைகள் வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. சட்டத்தில் பெயின்டுக்கு அடியில் துரு. உறைகளுக்குப் பூச்சு எதுவும் பூசப்போவதில்லை. சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் (தூளாகத் தெளித்துச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) செய்யப்போகிறேன். துகள்களைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிப் பரப்பைச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் கேபினெட்டில் இப்போது இருப்பது எஃகுத் துகள். இரண்டுக்கும் அதுவே போதுமா?

பதில்:
அலுமினியத்தின் பக்கம் எஃகுத் துகளைக் கொண்டுபோகவே வேண்டாம். மெத்தென்ற உலோகத்தில் இரும்புப் பொடி பதிந்துவிடும்; ஈரம் பட்டதும் செம்புள்ளிகள் கிளம்பும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அழுகைதான்.

துகளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பரப்பு வெறுமையாக நிற்கப்போகிறதா, அதன்மேல் பூச்சு ஏறப்போகிறதா? உறைகளுக்குக் கண்ணாடி மணிகள்தான் சரி. உருண்டையாக இருப்பதால் அவை அறுப்பதில்லை, தட்டுகின்றன. மென்மையான பளபளப்பு வரும், எண்ணெய் அழுக்கும் எளிதில் ஒட்டாது. அலுமினியம் ஆக்சைடு என்ற இன்னொரு துகள் கூரானது. அதை உறைமேல் அடித்தால் சாம்பல் நிறத்தில் மங்கிப்போய், தொட்ட விரல்ரேகைகூட அப்படியே நிற்கும். அதே கூர்மைதான் சட்டத்துக்குத் தேவை. பவுடர் பற்றிக்கொள்ளப் பரப்பில் சொரசொரப்பு வேண்டும். கார்னெட் என்ற கடினமான கனிமத் துகளும் அங்கே நன்றாக வேலை செய்யும்.

மணிகளுக்குக் காற்றழுத்தம் 40 முதல் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை போதும். அவசரப்பட்டு அழுத்தத்தை ஏற்றினால் மணிகள் உடைந்துவிடும், உடைந்த சில்லு கீறும். ஒரு சிட்டிகை எடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள்: உருண்டைகளைவிடச் சில்லுகள் மிகுந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

துகளை மாற்றும்போது கேபினெட்டின் மூலைமுடுக்கெல்லாம் உறிஞ்சி எடுங்கள். குழாய்க்குள் தங்கிய எஃகுத் தூளே உறையைக் கெடுக்கப் போதுமானது.

இன்னொருவர்:
எண்ணெய்ப் பிசுக்கை முதலில் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் மணிகள் களிபோல் கட்டிக்கொள்ளும். எண்ணெய்த் துளைகள், பேரிங் இருக்கைகள், மரைத்துளைகள் எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பான்களால் மூடுங்கள். வேலை முடிந்ததும் வெந்நீரில் அலசி, ஒவ்வொரு துளையிலும் காற்று ஊதுங்கள். உள்ளே தங்கும் ஒற்றை மணி பேரிங்கைக் காலி செய்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சட்டத்துக்குச் சாதாரண மணலை அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரிதானா?

பதில்:
தயவுசெய்து வேண்டாம். மணல் உடையும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. வந்துவிட்டால் குணமாக்க வழியில்லை. பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டு விதிகளே தொழிற்சாலைகளில் மணலால் பிளாஸ்டிங் செய்வதைத் தடுத்துவிட்டன. கார்னெட்டுக்கும் தகுந்த சுவாசக் கவசம் அவசியம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதாலும் அந்தக் கவசம் தேவை.

சட்டத்தை அடித்து முடித்ததும் வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் துரு பிடிக்கும். அன்றே பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பிவிடுங்கள்.