புதுப்பிப்பு: பெரியப்பா பங்கு போட்ட காசிமேட்டுப் படகு

காட்பாடி வீட்டில் கிடைத்த 1970களின் விசைப்படகுப் படத்தைப் போட்டு, பெரியப்பா பங்கு போட்டிருந்த அந்தப் படகு அப்புறம் யார் கைக்குப் போனது என்று கேட்டிருந்தேன். (பாலாற்றில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வமான மனிதருக்குக் கடலில் முதலீடு!)

காசிமேட்டு நண்பர் ஒருவர் வழி சொன்னார்: பெயரை நம்பாதீர்கள், பதிவெண்ணைத் தேடுங்கள். படகு கைமாறினால் புது முதலாளி தன் பிள்ளை பெயரையோ குலசாமி பெயரையோ எழுதிவிடுவார், இன்ஜினும் மாறிவிடும். ஆனால் மீன்வளத் துறைப் பதிவைக் கட்டாயமாக்கிய தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததே 1983இல்தான். நம் படம் அதற்கும் முந்தியது.

சரி என்று பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறியதில் விற்பனைச் சீட்டு அகப்பட்டது. வாங்கியவர் கடலூர் முதுநகர்க்காரர். அந்தப் பக்கம் பழைய படகுத் தச்சர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.