இங்கிரஸ் போட்டும் வெளியிலிருந்து திறக்கவில்லை – அவசரம், உதவுங்கள்

தறியோசை | இரவு 9.12
வணக்கம். குபர்நெட்டீஸ் (பல இயந்திரங்களைச் சேர்த்து அவற்றில் செயலிகளை ஓட்டும் மென்பொருள்) கிளஸ்டர் அமைத்து, வெளியிலிருந்து செயலியைத் திறக்க இங்கிரஸும் போட்டுவிட்டேன். செயலி இருக்கும் பாட் எல்லாம் ஓடுகிறது, பாட்டுகளுக்கு முன்னால் நிற்கும் சர்வீஸுக்கு வெளி ஐபியும் வந்துவிட்டது. ஆனால் பிரவுசரில் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவிப் பார்த்தேன், அப்போதும் இதே கதை. மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நாளை காலை 10 மணிக்கு அலுவலகத்தில் காட்ட வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

வடம்பிடி | 9.20
கிளவுடில் ஓடுகிறதா, சொந்த இயந்திரங்களிலா? கியூப்அடம், கே3எஸ், மினிகியூப், இவற்றில் எதைக் கொண்டு நிறுவினீர்கள்? இங்கிரஸ் விதியைச் செயல்படுத்தும் கன்ட்ரோலர் எது? வெளி ஐபியைக் கொடுத்தது யார்? ஒவ்வொரு பதிலுக்கும் வழி வேறு. கே3எஸ் என்றால் அதனுடனேயே டிரேஃபிக் என்ற கன்ட்ரோலர் வந்து 80, 443 போர்ட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே இன்னொரு கன்ட்ரோலரைப் போட்டால் இரண்டும் மோதும்.

இரவுப்பணி | 9.24
ஃபயர்வால். சந்தேகமே வேண்டாம். இதே மாதிரி எனக்கு இரண்டு இரவு போயிற்று, கடைசியில் பார்த்தால் ஒரே ஓர் இயந்திரத்தில் 80 மூடியிருந்தது. எல்லா இயந்திரங்களிலும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கொள்கலன் | 9.31
இங்கிரஸ் கோப்பில், அது எந்தக் கன்ட்ரோலருக்கு என்று சொல்லும் இங்கிரஸ்கிளாஸ்நேம் எழுதியிருக்கிறீர்களா? குபர்நெட்டீஸ் 1.18 பதிப்பிலேயே இது வந்துவிட்டது. ஆனால் பழைய வழிகாட்டிகள் இன்னும் அன்னொட்டேஷனில்தான் (கோப்பில் சேர்க்கும் கூடுதல் குறிப்பு) எழுதச் சொல்கின்றன. கிளாஸ் பெயர் இல்லாவிட்டால் கன்ட்ரோலர் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. என்னிடம் வந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் கோளாறு.

ஆணிவேர் | 9.40
தம்பி, இந்த மாதிரிக் கேள்விகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இங்கிரஸ் என்பது வெறும் விதிச்சீட்டு. போக்குவரத்தை வாங்கி உள்ளே அனுப்புவது கன்ட்ரோலர். அதற்கு முன்னால் ஐபி கொடுக்கும் அடுக்கு ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கிளஸ்டர் அமைக்கவே இறங்கக் கூடாது. டிசிபி/ஐபி ஒரு மாதம் படியுங்கள். அழித்து அழித்து நிறுவுவது கற்றல் ஆகாது.

தறியோசை | 9.52
மன்னிக்கவும், விவரம் விட்டுப்போயிற்று. சொந்த இயந்திரங்கள்தான், மூன்று பழைய டெஸ்க்டாப், உபுண்டு. கியூப்அடம் கொண்டு நிறுவினேன். ஒன்று கிளஸ்டரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன், இரண்டு பாட்டுகளை ஓட்டும் வொர்க்கர். இங்கிரஸ்-என்ஜின்எக்ஸ் கன்ட்ரோலர். ஐபி கொடுப்பது மெட்டல்எல்பி, 192.168.1.240 கொடுத்திருக்கிறது. கிளாஸ் பெயர் இருக்கிறது. ஃபயர்வாலை நிறுத்தியும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.

வடம்பிடி | 10.01
இப்போது பேசலாம். பிழை எப்படி வருகிறது என்பதே பாதி விடை. 404 வந்தால் நீங்கள் கன்ட்ரோலர் வரை போய்விட்டீர்கள், ஹோஸ்ட் பெயரோ பாதையோ பொருந்தவில்லை. 503 வந்தால் பின்னால் சர்வீஸுக்கு ஆள் இல்லை, சர்வீஸையும் பாட்டையும் இணைக்கும் லேபிள் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். உடனே மறுக்கப்பட்டால் அந்த போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உங்களுக்கோ பதிலே வராமல் நேரம் முடிகிறது. பாக்கெட் போய்ச் சேரவில்லை, அல்லது வழியில் யாரோ சத்தமில்லாமல் கீழே போடுகிறார்கள். அப்படியானால் இங்கிரஸ் கோப்பை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

ஒரு சோதனை. வொர்க்கர் ஒன்றுக்குள் நுழைந்து அங்கிருந்து 192.168.1.240க்கு கர்ல் (பிரவுசர் இல்லாமல் பக்கத்தைக் கேட்கும் கட்டளை) போடுங்கள். பிறகு உங்கள் லேப்டாப்பிலிருந்தும் அதையே செய்யுங்கள்.

தறியோசை | 10.13
வொர்க்கரிலிருந்து உடனே 404 வருகிறது. லேப்டாப்பிலிருந்து ஒன்றும் இல்லை. பிங்கும் போகவில்லை.

இரவுப்பணி | 10.15
பிங் போகவில்லை என்றால் ஃபயர்வால்தானே?

வடம்பிடி | 10.22
பிங்கை விட்டுவிடுங்கள். மெட்டல்எல்பி கொடுக்கும் ஐபி எந்த நெட்வொர்க் கார்டிலும் உட்காருவதில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் பல அமைப்புகளில் அது பிங்குக்குப் பதில் சொல்லாது.

வொர்க்கரிலிருந்து 404 வந்ததையும் வைத்து ஏமாற வேண்டாம். குபர்நெட்டீஸின் கியூப்-ப்ராக்சி ஒவ்வொரு இயந்திரத்திலும் போக்குவரத்தைத் திருப்பும் ஐபிடேபிள்ஸ் விதி எழுதி வைத்திருக்கிறது. உள்ளிருந்து அந்த ஐபியைத் தேடினால் கேபிளுக்கே போகாமல் அங்கேயே மடக்கி பாட்டுக்கு அனுப்பிவிடும். கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் இதிலிருந்து தெரிகிறது.

லேப்டாப்பில் மறுபடி கர்ல் போட்ட கையோடு, எந்த ஐபி எந்த மேக் முகவரியிடம் (நெட்வொர்க் கார்டின் முகவரி) இருக்கிறது என்று காட்டும் ஏஆர்பி அட்டவணையைப் பாருங்கள். 240க்கு நேரே மேக் முகவரி இருக்கிறதா?

தறியோசை | 10.34
இல்லை. மற்ற மூன்று இயந்திரங்களுக்கும் மேக் முகவரி தெரிகிறது. 240க்கு நேரே மட்டும் "ஃபெயில்டு" என்று வருகிறது. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டும் பார்த்தேன். "240 யாரிடம்?" என்று லேப்டாப் நொடிக்கு ஒரு முறை கேட்கிறது. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வடம்பிடி | 10.41
அதுதான் இடம். நன்றாகப் பார்த்தீர்கள்.

எல்2 முறையில் (உள்ளூர் நெட்வொர்க்கில் ஏஆர்பி வழியாக அறிவிக்கும் முறை) மெட்டல்எல்பியின் ஸ்பீக்கர் ஓர் இயந்திரத்தில் நின்று "240 என்னிடம்தான்" என்று அக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐபியை ஒதுக்குவது ஒரு வேலை, அதை ஊருக்கு அறிவிப்பது இன்னொரு வேலை. 0.13 பதிப்பிலிருந்து இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்: ஐபிஅட்ரஸ்பூல் ஒன்று, எல்2அட்வர்டைஸ்மென்ட் ஒன்று. முதலாவதை மட்டும் எழுதினாலும் சர்வீஸுக்கு அழகாக ஐபி வந்துவிடும், எந்தப் பிழையும் காட்டாது. இரண்டாவது உங்களிடம் இருக்கிறதா?

இரவுப்பணி | 10.44
சரி, ஃபயர்வால் இல்லை. ஆனால் அந்த இயந்திரங்கள் வைஃபையில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். ராஸ்பெர்ரி பை வைஃபையில் இருந்தால் இந்த ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடும். எல்லாப் பாக்கெட்டையும் வாங்கும் புரோமிஸ்க்யுவஸ் நிலைக்குக் கார்டை மாற்றிய பிறகுதான் என்னுடையது பேசியது.

ஆணிவேர் | 10.52
இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். இங்கிரஸ்-என்ஜின்எக்ஸை இன்றைக்கு யார் புதிதாகப் போடுகிறார்கள்? அதை ஓய்வுக்கு அனுப்புவதாக 2025 நவம்பரில் குபர்நெட்டீஸ் தரப்பே அறிவித்தது. 2026 மார்ச்சுடன் பராமரிப்பு முடிவு, அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தமும் கிடையாது. 2025 மார்ச்சில் ஆபத்து அளவில் 10க்கு 9.8 மதிப்பெண் வாங்கிய பாதுகாப்பு ஓட்டை வந்ததே, மறந்துவிட்டதா? இங்கிரஸுக்கு அடுத்து வந்த கேட்வே ஏபிஐக்குப் போங்கள். அது 2023 அக்டோபரிலேயே 1.0 ஆகிவிட்டது.

கொள்கலன் | 10.58
ஓய்வு பெறுவது அந்த ஒரு கன்ட்ரோலர்தான், இங்கிரஸ் ஏபிஐ அல்ல. அது அப்படியே இருக்கும். என்ஜின்எக்ஸ் நிறுவனத்தார் நடத்தும் கன்ட்ரோலர் வேறு, டிரேஃபிக் வேறு, எச்ஏப்ராக்சி வேறு. நாளைக் காலை 10 மணிக்குக் காட்ட வேண்டியவரை இன்றிரவு கேட்வே ஏபிஐ கற்கச் சொல்வது நியாயமா?

ஆணிவேர் | 11.04
இன்று விட்டால் நாளை மாற்ற மாட்டார். எத்தனை அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். "தற்காலிகம்" என்று போட்டது ஐந்து வருடம் ஓடும், ஓட்டை வந்த அன்று அலறுவார்கள். அந்த அக்கறையில்தான் கடுமையாகச் சொல்கிறேன்.

சொல்தேடி | 11.09
இடையில் ஒரு வேண்டுகோள். இங்கிரஸை நாம் தமிழில் எப்படி எழுதப்போகிறோம்? ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். நுழைவாயில் என்று எழுதினால் கேட்வேக்குச் சொல் இல்லாமல் போகிறது.

கொள்கலன் | 11.13
உள்வழி என்று எழுதுங்கள். ஈகிரஸுக்கு வெளிவழி. கேட்வேக்கு நுழைவாயில் மிஞ்சும்.

சொல்தேடி | 11.17
உள்வழி நன்றாக இருக்கிறது. கன்ட்ரோலருக்கு வாயிலோன் என்ற பழைய சொல் பொருந்துமா? விதி ஓலையில் இருக்கிறது, ஓலையைப் படித்துக் கதவைத் திறப்பவன் வாயிலோன். மாணவர்களிடம் இப்படிச் சொன்னால் இரண்டும் வேறு என்பது ஒரே வரியில் விளங்கிவிடும்.

ஆணிவேர் | 11.20
இங்கிரஸ் என்றே எழுதுங்கள். பிழைச்செய்தியில் உள்வழி என்றா வரும்? தேடும்போது தவித்துப்போவார்கள்.

சொல்தேடி | 11.26
கையேட்டில் இரண்டையும் தருவேன், ஐயா. சொல்லின் பொருள் புரிந்தவன் பிழைச்செய்தியையும் புரிந்துகொள்வான். முதல் வருடம் என் வகுப்பில் இங்கிரஸை ஒரு மென்பொருளின் பெயர் என்றே நினைத்திருந்தார்கள்.

தறியோசை | 11.48
எல்2அட்வர்டைஸ்மென்ட் இல்லை! பட்டியல் கேட்டால் காலியாக இருக்கிறது. ஐபி வந்துவிட்டதால் அந்தப் பகுதி முடிந்தது என்று நம்பிவிட்டேன். இரண்டு முறை அழித்து நிறுவியபோதும் அதே அரைக் கோப்பைத்தான் போட்டிருக்கிறேன். இப்போது எழுதிப் போட்டேன். லேப்டாப்பில் மேக் முகவரி தெரிகிறது, இரண்டாவது வொர்க்கருடையது. எல்லாம் கேபிள்தான், வைஃபை இல்லை. ஆனால் பிரவுசரில் இப்போது 404.

வடம்பிடி | 11.55
மகிழ்ச்சி. அந்த 404 நல்ல செய்தி, வாசல் வரை வந்துவிட்டீர்கள். பிரவுசரில் ஐபியை நேராக அடித்தீர்களா? உங்கள் விதி ஹோஸ்ட் பெயருக்கு எழுதப்பட்டிருக்கும், ஐபியைச் சொன்னால் பொருந்தாது. லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 192.168.1.240 எழுதி, பக்கத்தில் விதியிலுள்ள அதே பெயரை எழுதுங்கள். பிறகு பெயரால் திறங்கள். காலையில் காட்டப்போகும் கணினியிலும் இதைச் செய்ய மறக்க வேண்டாம்.

இன்னொன்று. ரவுட்டர் தானாக ஐபி வழங்கும் டிஎச்சிபி வரம்பு 240ஐத் தொடுகிறதா என்று இன்றே பாருங்கள். தொட்டால் யாரோ ஒருவர் கைப்பேசியை இணைக்கும் நேரத்தில் அதே ஐபி அதற்கும் போய்விடும். பாதி நேரம் திறக்கும், பாதி நேரம் திறக்காது. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று நாள் போதாது.

தறியோசை | 12.21
திறந்துவிட்டது. டிஎச்சிபி 200 வரைதான். எல்லோருக்கும் நன்றி.

இரவுப்பணி | 12.24
மூன்று இயந்திரங்களிலும் ஃபயர்வாலை நிறுத்தச் சொன்னது நான்தான். கிளஸ்டருக்கு வேண்டிய போர்ட்டுகளை மட்டும் திறந்துவிட்டு அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள். போட்டுவிட்டீர்களா?

வடம்பிடி | மறுநாள் பகல் 11.40
தறியோசை, 10 மணிக்கு எப்படிப் போனது?

இரவுப்பணி | மறுநாள் மாலை 6.05
ஃபயர்வால்?