ப்ளோயர் கப்ளர் இரண்டாம் முறையும் உருகிவிட்டது, ஃப்யூஸ் மட்டும் போகவில்லை

திருச்சிக்காரன்:
வணக்கம். 2001 மாடல் சின்ன கார். அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. பத்து நாளுக்கு முன்னால் ஏசி போட்டு ப்ளோயரை (காற்றை ஊதும் ஃபேன்) கடைசி ஸ்பீடில் வைத்து ஓட்டும்போது கருவாட்டு வாடை. சந்தைப் பையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கிளவ் பாக்ஸுக்குக் கீழே குனிந்து பார்த்தால், ப்ளோயர் மோட்டாருக்குப் போகும் வயரை இணைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கப்ளர் ஒரு பக்கம் பழுப்பேறி இளகியிருந்தது. எலக்ட்ரீஷியன் வயர் பக்கத்துக் கப்ளரை மாற்றித் தந்தார். நேற்று மறுபடியும் அதே வாடை, கப்ளருக்குள் அதே உலோகப் பின்தான் சூடாகியிருக்கிறது. கம்மி ஸ்பீடில் ஒன்றும் ஆவதில்லை. 20 ஆம்ப் ஃப்யூஸ் அப்படியே இருக்கிறது. ஷார்ட் என்றால் அது போயிருக்க வேண்டாமா?

சேலம்_டீசல்:
கப்ளரையே வெட்டிவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றுங்கள் சார். என் வண்டியில் மூன்று வருடமாக ஓடுகிறது.

ஸ்பேனர்:
அதை மட்டும் செய்யாதீர்கள் சார். டேப்பின் பசை வெயிலில் இளகிவிடும், முறுக்கு தளரும், அப்புறம் சூடு டாஷ்போர்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏறும்.

இது ஷார்ட் இல்லை. பின் சரியாகப் பிடிக்காத இடத்தில் தடை கூடுகிறது, அங்கேதான் சூடு. தடை கூடினால் கரண்ட் ஏறாது, ஃப்யூஸுக்கு எதுவும் தெரியாது. கம்மி ஸ்பீடில் ரெசிஸ்டர் கரண்டைக் குறைத்துவிடுகிறது. கடைசி ஸ்பீடில் ரெசிஸ்டரைத் தாண்டி நேராகப் போகிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் பின்னில் சூடு நாலு மடங்கு.

ப்ளோயர் முழு வேகத்தில் ஓடும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரே வயரில் கப்ளருக்கு முன்னும் பின்னும் முனைகளை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கரண்டையும் பாருங்கள், ஆனால் டிசி கரண்ட் படிக்கிற கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி அளப்பது) வேண்டும். வீட்டு வயரிங்காரர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏசி கரண்ட் மட்டும் படிக்கும்.

இன்னொன்று: மோட்டார் பக்கத்துப் பின்னை மாற்றினார்களா? கருகிய ஆண் பின்னில் புதுக் கப்ளரைச் செருகினால் அதையும் கருக்கிவிடும்.

திருச்சிக்காரன்:
மாற்றவில்லை! பழைய பின் கறுத்து, சொரசொரவென்று இருக்கிறது. மீட்டரில் 0.6 வோல்ட், 17 ஆம்ப்.

ஸ்பேனர்:
பெருக்கினால் 10 வாட். விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் சின்ன சால்டரிங் அயர்ன் வைத்த மாதிரி. 17 ஆம்ப்பும் எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது. மோட்டாரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருக்கலாம்.

திருச்சிக்காரன்:
கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி வேப்பிலைச் சருகு, பாதி மக்கிப் போய். ஷாஃப்ட் விரலுக்கே அசைய மறுத்தது. ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருந்தது. சுத்தம் செய்து இரண்டு சொட்டு ஆயில் விட்டதும் தளர்ந்தது, இப்போது 13 ஆம்ப். மோட்டார் பக்கம், வயர் பக்கம் இரண்டிலும் புது டெர்மினல். வயரைச் செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டிவிட்டுத்தான் கிரிம்ப் செய்யச் (டெர்மினலை வயரில் நசுக்கிப் பிடிக்க வைக்க) சொன்னேன். ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டித் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும். மீட்டரில் 0.05.

ஸ்பேனர்:
சபாஷ். ஆயிலை நம்பி ரொம்ப நாள் ஓட்ட வேண்டாம். கீச்சென்று சத்தம் கேட்டால் மோட்டாரை மாற்றிவிடுங்கள். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?

திருச்சிக்காரன்:
வேப்ப மரத்தடியில்தான். தெருவில் வேறு நிழல் இல்லை.

ஸ்பேனர்:
அப்படியானால் வைப்பருக்குக் கீழே காற்று நுழையும் கிரில்லின் உள்பக்கம் கம்பி வலைத் துண்டு ஒன்று வைத்துக் கட்டுங்கள். மாதம் ஒரு தடவை சருகை அள்ளிப் போட்டால் போதும்.