1,80,000 கி.மீ. தாண்டிய ஹோண்டா எஸ்2000: எதிலிருந்து தொடங்குவது?

வளைவுப்பிரியன்

வணக்கம். 2002 மாடல் ஏபி1 (எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரின் முதல் வடிவம்), ஓடோமீட்டர் 1,80,000 கி.மீ. தாண்டிவிட்டது, சமீபத்தில்தான் என் கைக்கு வந்தது. இன்ஜின் ஆயில் மாற்றிய ரசீதுகள் ஒழுங்காக இருக்கின்றன, ஆனால் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) பற்றி ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. வண்டி அருமையாக இழுக்கிறது. இரண்டே சந்தேகம்தான். குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் இன்ஜினின் முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வந்து சூடானதும் குறைகிறது, அப்புறம் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பின்சக்கரத்தில் ஒரே ஒரு 'டக்'. டைமிங் பெல்ட் மாற்றும் தூரம் எப்போதோ கடந்துவிட்டது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். எதை முதலில் செய்வது, எதை விட்டுவைக்கலாம்? டார்க் ரெஞ்ச், ஜாக் ஸ்டாண்ட் எல்லாம் இருக்கின்றன, சாதாரண வேலைகளை நானே செய்துகொள்வேன்.

ஆயில்கை

முதலில் பெல்ட் பயத்தை விடுங்கள். உங்கள் வண்டியில் இருக்கும் எஃப்20சி இன்ஜினில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின்தான். இத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்று என்று அதற்குக் கெடு எதுவும் இல்லை. தேய்வது செயின் அல்ல, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். நீங்கள் சொல்லும் கடகட சத்தம் பெரும்பாலும் அதுதான், இந்த வண்டிகளில் ரொம்பப் பழக்கமான நோய். செயின் கவரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: டென்ஷனர் வெளியே இருக்கும்போது கிராங்க்கைத் திருப்பவே கூடாது, செயின் பல் தாவிவிட்டால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் வால்வு கிளியரன்ஸ். இந்த இன்ஜினில் அது தானாகச் சரியாகிக்கொள்ளாது, ஸ்க்ரூவை வைத்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். இன்டேக் 0.21 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.29 மி.மீ. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. இரவு முழுக்க நிறுத்திவைத்து மறுநாள் பார்ப்பதுதான் நிம்மதி. சத்தம் போடும் வால்வைப் பார்த்து எல்லோரும் பதறுகிறார்கள், எனக்குச் சத்தமே போடாத வால்வுதான் கவலை. வால்வு மூடும்போது உட்காரும் சீட் தேயத் தேய இடைவெளி குறையும், ஓசையும் அடங்கிவிடும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட் வழியாகத்தான் இறக்குகிறது, முழுதாக மூடாவிட்டால் சூடு போக வழியில்லாமல் விளிம்பு கருகும்.

வால்வு கவர் திறந்திருக்கும்போதே வால்வு ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் ரீடெய்னர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏபி1-இல் யாராவது மேல் கியரிலிருந்து தவறான கீழ் கியருக்குப் போட்டு இன்ஜினை அளவுக்கு மேல் சுழலவிட்டிருந்தால் ரீடெய்னர் விரிசல் விடும், இன்ஜின் வேகத்துக்கு வரம்பு போடும் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. மற்றவற்றைவிட ஒன்று தாழ்ந்து தெரிந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுப் பிறகு பேசுவோம்.

ஸ்பார்க் பிளக்கையும் அப்போதே கழற்றிப் பார்த்து டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியாக இறுக்குங்கள். இந்த இன்ஜினில் பிளக் தானாகத் தளர்ந்து வெளியே வந்த கதைகள் உண்டு.

பழையபோல்ட்

இத்தனை யோசனை எதற்கு? 20 வருஷத்துக்கு மேல் ஆன வண்டி. ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், சென்சார், புஷ், கிளட்ச், டென்ஷனர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதிதாகப் போட்டுவிட்டு பத்து வருஷம் நிம்மதியாக ஓட்டலாம். நான் வாங்கும் எந்த வண்டிக்கும் அப்படித்தான் செய்வேன்.

ஆயில்கை

@பழையபோல்ட், ஆயில், ஹோஸ் வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். மீதியை ஒரே நேரத்தில் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வாரத்தில் பத்து பாகங்களை மாற்றிய பிறகு புதிதாக ஒரு சத்தமோ கசிவோ வந்தால் எதைச் சந்தேகிப்பது? நன்றாக வேலை செய்யும் ஒரிஜினல் சென்சாரைக் கழற்றிவிட்டு அடையாளம் தெரியாத மாற்று பாகத்தைப் போடுவது முன்னேற்றமும் அல்ல. அளந்து பார்த்து, தேய்ந்ததை மாற்றுவோம்.

இன்ஜினைப் பிரிக்கும் எண்ணமே வேண்டாம். இதன் சிலிண்டர் சுவர் சாதாரண இரும்பு லைனர் இல்லை, ஃபைபர் கலந்த அலுமினியம். வழக்கமான முறையில் ஹோன் செய்ய (தேய்த்துச் சமப்படுத்த) முடியாது, தெரியாத கை பட்டால் பிளாக்கே வீண். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனை நன்றாக வந்தால் உள்ளே யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

@வளைவுப்பிரியன், ஒரு பழக்கம் மட்டும் இன்றே வேண்டும்: பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக். ஃபில்டரோடு சேர்த்து 4.8 லிட்டர் ஆயில் பிடிக்கும், அதில் ஒரு லிட்டர் குறைந்த நிலையில் நீளமான வளைவுகளில் வேகமாகப் போவது ஆபத்து. 84 மி.மீ. ஸ்ட்ரோக், 9,000 ஆர்பிஎம் என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் ஆயில் படலம் ஒரு கணம் அறுந்தாலும் பேரிங் பொறுக்காது. ஆரம்பகால ஏபி1 வண்டிகள் கொஞ்சம் ஆயில் குடிக்கும், அது சகஜம். குடிக்கிறது என்று தெரிந்தும் பார்க்காமல் இருப்பதுதான் இன்ஜினைக் கொல்கிறது. கிராங்க் கேஸில் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலும் குடிக்கும், அதையும் பாருங்கள்.

பின்அச்சு

எல்லோரும் இன்ஜினையே பேசுகிறீர்கள், நான் பின்பக்கம் வருகிறேன். அந்த 'டக்' பெரும்பாலும் ஆக்ஸில் நட். ஹப்பும் ஆக்ஸிலும் தொடும் முகத்தில் கிரீஸ் காய்ந்து, பளு மாறும்போது லேசாக நகர்வதால் வரும் ஓசை. நட்டைக் கழற்றி, அந்த முகத்தைச் சுத்தம் செய்து மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) தடவி, புது நட் போட்டு மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கினால் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் புஷ், பால் ஜாயிண்ட் பக்கம் போகலாம்.

டிஃபரன்ஷியல் ஆயில் முக்கால் லிட்டர்தான் வரும், கியர்பாக்ஸுக்குச் சுமார் ஒன்றரை. இரண்டுக்கும் ரசீது இல்லை என்பதால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், வடிக்கும் போல்ட்டை அப்புறம். நிரப்பும் போல்ட் துருப்பிடித்து அசையாவிட்டால் ஆயில் இல்லாத டிஃபரன்ஷியலோடு மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே இருப்பது பல்சக்கரங்களால் இயங்கும் டார்சன் வகை, கிளட்ச் தட்டுகள் இல்லை, அதனால் ஆயிலில் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் என்ற சேர்க்கை தேவைப்படாது.

சஸ்பென்ஷனில் இந்த வயதுக்கு நிச்சயம் ஒரு தலைவலி: அலைன்மென்ட் சரிசெய்யும் போல்ட்கள் புஷ்ஷின் இரும்புக் குழாய்க்குள் துருவேறி இறுகிவிடும். அலைன்மென்ட்டுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வாருங்கள். பின்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரியில்லாத எஸ்2000 ஈர ரோட்டில் சட்டென்று வாலை வீசும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் நிறைய இருந்தாலும் பழசு பழசுதான்.

பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், ரேடியேட்டர் தொப்பி, இவற்றில் விவாதமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதுவும் போக வேண்டியதுதான். துணிக் கூரையின் பின் மூலைகளில் இருக்கும் வடிகால் ஃபில்டரை இலைதழை இல்லாமல் எடுத்துவிடுங்கள், அது அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளேதான் வரும்.

வளைவுப்பிரியன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆறிய இன்ஜினில் அளந்தேன். ரீடெய்னர் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இன்டேக் எட்டும் அளவுக்குள். எக்ஸாஸ்ட்டில் மூன்றாவது சிலிண்டரின் இரண்டும் 0.22, மற்றவை 0.25, 0.26. கவலைப்பட வேண்டுமா?

ஆயில்கை

அளந்தது நல்லதாயிற்று. 0.22 இறுக்கம், ஆனால் பயப்படும் அளவு இல்லை. எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் 0.27-க்கு வையுங்கள், லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பும் என்பதால் இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை இன்னொரு முறை விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அந்த சிலிண்டருக்கு மட்டுமாவது லீக் டவுன் செய்து எக்ஸாஸ்ட் குழாயில் காற்று சீறுகிறதா என்று காது கொடுங்கள். சீறவில்லை என்றால் ஓட்டுங்கள், 10,000 கி.மீ. கழித்து மறுபடி அளங்கள். மூன்றாவது மட்டும் திரும்பவும் இறுகியிருந்தால் அந்த சீட் தேய்கிறது என்று அர்த்தம், ஹெட்டைக் கழற்றுவது பற்றி அப்போது பேசலாம்.