மறு: பெண்ட் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு ஒரு சொல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

டூவீலரின் பெண்ட் பைப்பில் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் குழாய்) இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று ஒன்பது நாளாக வந்த மடல்கள் அத்தனையையும் படித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை கையேடு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். திருமங்கலத்தில் என்னிடம் டூவீலர் வேலை பழகும் பிள்ளைகள் அதை வைத்துத்தான் செய்முறைத் தேர்வு எழுதப் போகிறார்கள். அதனால் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

> 'உயிர்வளி உணரி' இருக்க வேறு சொல் எதற்கு? 'வளித்தலைஇய தீ' என்று புறநானூற்றின் இரண்டாம் பாட்டே சொல்கிறதே.

புலவர் ஐயா, அந்த அடியை எஞ்சின் பாடத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். காற்று சேராமல் தீ இல்லை என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் 'உயிர்வளி'யைக் கரும்பலகையில் எழுதாமல் வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். நம் பக்கத்துப் பேச்சில் வழியும் வளியும் காதுக்கு ஒன்றுதான். பாதிப் பேர் 'உயிர்வழி' என்று எழுதினார்கள், சிலர் 'உயிர்வலி' என்றே எழுதிவிட்டார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை. அவர்கள் காதில் அந்தச் சொல் ஒருநாளும் விழுந்ததில்லை. 2021இல் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். ஆக்சிஜன் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது ஒரு பையன் கேட்ட கேள்வி. "சார், உள்ள போற காத்தப் பாக்குறதுன்னா ஏர் ஃபில்டர் பக்கம்ல இருக்கணும்? சைலன்சர் பக்கம் ஏன் வச்சிருக்கான்?" நாம் யாரும் இதைக் கேட்கவில்லை. அது பார்ப்பது எரிந்து முடிந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்பதை. உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்த ஒரு தொப்பி. அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வித்தியாசத்தில்தான் மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம், குறைந்தால் 0.1 பக்கம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்குதான் இரண்டுக்கும் நடுக்கோடு. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது வாயே திறக்கும்.

> அப்படியானால் 'எச்சவளி உணரி'. பொருள் பொருந்துகிறது.

பொருந்துகிறது. நமக்கு எச்சம் என்றதும் பெயரெச்சமும் வினையெச்சமும் நினைவுக்கு வரும். வண்டி சீட்டைத் துடைக்கிற பிள்ளைக்குக் காக்கா எச்சம்தான் வரும். 'மிச்சக்காற்று உணரி' என்று நான் முன்வைத்ததை ஒருவர் மட்டுமே ஏற்றார். இன்னும் அதை நான் கைவிடவில்லை.

> உணரி அல்ல, உணர்வி என்பதே ஒலிநயமானது.

இதில் என்னால் இணங்க முடியாது. செய் - செய்வி போல உணர் - உணர்வி. நன்னூல்படி 'வி' பிறவினை விகுதி. உணர்வு + இ என்று பிரிக்கலாம்தான், ஆனால் கேட்கிறவர் மனம் 'உணரச்செய்' என்ற பக்கம்தான் போகும். கொல்லி, மண்வெட்டி வரிசையில் உணரி நேராக வந்து உட்காருகிறது.

ஆனால் அம்மா ஒருவர் எழுதிய 'உணர்த்தி'யை யாரும் கண்டுகொள்ளாமல் போனதில் எனக்கு வருத்தம். அந்தப் பொருள் உணர்ந்ததோடு நிற்பதில்லை, இசியூவுக்கு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் வண்டியின் கணினி) உணர்த்துகிறது. அது கெடுவதும் அங்கேதான். போன வாரம் வகுப்புக்கு வந்த பழைய எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும்) வண்டியில் பிளக் எடுத்தால் கன்னங்கரேல் என்று கரி. ஐடிலில் எஞ்சின் ஏறி ஏறி இறங்கியது. மீட்டர் வைத்துப் பார்த்தோம். நல்ல சென்சார் என்றால் முள் நொடிக்கு நொடி மேலும் கீழும் துள்ளும். இது 0.2 பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது, ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் எழுந்திருக்கவே நேரம் எடுத்தது. பெட்ரோல் குறைச்சல் என்று அது சொல்லச் சொல்ல, இசியூ அதை நம்பி மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது.

இதனால்தான் கையேட்டில் 'தேய்ந்த உணரி' என்ற தலைப்பையும் மாற்றி 'மந்தம்' என்ற சொல்லைப் போடுகிறேன். தேய்வது பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட். இதில் கரியும் ஆயில் எரிந்த சாம்பலும் படிகின்றன, பதில் மந்தமாகிறது. மந்தம் வடசொல் என்பது எனக்கும் தெரியும். குழந்தைக்கு வயிற்று மந்தம் என்று பாட்டி சொல்லும் சொல் அது, இங்கே அச்சாகப் பொருந்துகிறது.

> ஆக்சிஜன் உணரி என்பது கலப்புத் தொகை. கிரேக்கத் தலையும் தமிழ் உடலும்.

உண்மைதான். அதிலும் அந்தக் கிரேக்கப் பெயரே தவறான பெயர். எல்லா அமிலத்திலும் இது இருக்கிறது என்று நினைத்து பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 'அமிலம் பிறப்பிப்பது' என்ற பொருளில் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. அந்த வகையில் உயிர்வளி உண்மைக்கு நெருக்கமான பெயர், ஐயா சொல்வது நியாயம். அடுத்த பதிப்புக்குள் பிள்ளைகளின் காதைப் பழக்க முடிந்தால் மாற்றத் தயார். இப்போதைக்குப் பெரும்பான்மைப்படி கையேட்டில் 'ஆக்சிஜன் உணரி'. முதல் இடத்தில் மட்டும் 'சென்சார்' என்றும், அடிக்குறிப்பில் 'உணர்த்தி' என்றும் இருக்கும். அடிக்குறிப்பை எடுக்கச் சொல்லாதீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. பழைய வண்டியில் சென்சார் துருவேறி இறுகியிருக்கும். எஞ்சினை லேசாகச் சூடாக்கி, துரு இளக்கும் ஆயில் விட்டு, பொறுமையாகத் திருப்பாவிட்டால் பெண்ட் பைப்பின் மரை (திருகு பிடிக்கும் வரி) போய்விடும். (மரையை எந்தக் குழுவும் உருவாக்கவில்லை, பட்டறையே வைத்திருக்கிறது.) புதியதைப் பூட்டுமுன் மரையில் மட்டும் தடவும் பசைக்கு, முனையில் பட்டால் சென்சாரே வீணாகிவிடும் அந்தப் பசைக்கு, 'இறுகாப் பசை' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சரி. 'மரைப்பசை' என்றால் மரையை ஒட்டுகிற பசை என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். ஞாயிறு இரவு பத்து மணிக்குள் யாராவது சொல்லுங்கள்.