வீடியோ சேர்த்த பிறகு என் வலைப்பதிவைப் படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், எங்கே பிசகு?

ஊசியும்நூலும்:

ஆறு வருடமாகக் கையால் புத்தகம் கட்டுவதைப் பற்றி ஒரு வலைப்பதிவு எழுதி வருகிறேன். தாளை மடிப்பது, துளை போடுவது, தைப்பது, அட்டை ஒட்டுவது, இதெல்லாம்தான். இத்தனை நாளும் எழுத்தும் படமும் மட்டும். "அந்த முடிச்சு மட்டும் புரியவே இல்லை, ஒரு வீடியோ போடுங்களேன்" என்று பின்னூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி போடுவோம் என்று நாலு மாதம் முன்னால் ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு வீடியோவும் 12, 14 நிமிடம். முகம் காட்டி, வணக்கம் சொல்லி, இன்று என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கி, பிறகு வேலை. யூடியூபில் ஏற்றிப் பதிவின் உச்சியில் வைத்துவிட்டுக் கீழே இரண்டு பத்தி எழுதி "மீதி வீடியோவில்" என்று முடித்துவிடுவேன். சில பதிவுகளில் நாலு வீடியோ கூட இருக்கிறது. இப்போது பார்த்தால் பாதிப் பேர் முதல் அரை நிமிடத்திலேயே வீடியோவை விட்டுப் போகிறார்கள், செல்பேசியில் பக்கம் திறக்கவே நேரமாகிறது, போதாக்குறைக்கு ரொம்ப நாள் வாசகர் ஒருவர் "எழுதுவதை நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டார். சுருக்கென்றது.

எனக்குத் தெரியவேண்டியது: வீடியோவை எங்கே வைப்பது, எவ்வளவு நீளம், யூடியூபிலேயே இருக்கட்டுமா அல்லது சொந்த சர்வரில் வைக்கலாமா, வீடியோ இருந்தால் கூகுள் தேடலில் மேலே வரும் என்கிறார்களே அது உண்மையா?

---

பழையமோடம்:

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் கேட்டது ஒரு முடிச்சு, நீங்கள் கொடுத்தது 14 நிமிடம்.

ஏற்கெனவே ஆறு வருடமாக நீங்கள் எழுதியதைப் படித்துப் பழகியவர்கள் அவர்கள். எத்தனை துளை, எந்த இடைவெளி, பசை காய எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எழுத்தில்தான் அவர்களுக்கு வசதி, ஏனென்றால் கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டி வேண்டிய வரியில் நின்றுவிடலாம், வீடியோவில் அந்த ஒரு எண்ணுக்காக முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு அலையவேண்டும். எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் பிடிபடாத இடம் ஒன்று உண்டு, கை என்ன செய்கிறது என்பது. ஊசி எந்தப் பக்கம் நுழைகிறது, நூலை எவ்வளவு இழுக்கவேண்டும், இழுக்கும்போது தாள் எப்படி அசைகிறது. அந்த இடத்துக்கு மட்டும் 30, 40 நொடி வீடியோ எடுங்கள், "இப்போது முடிச்சைப் போடவேண்டும்" என்று எழுதிய பத்திக்கு நேர் கீழே வையுங்கள். வணக்கம் வேண்டாம், முகமும் வேண்டாம், முதல் நொடியிலேயே கையில் ஊசி இருக்கட்டும். பதிவின் உச்சியில் வைத்தால் அது என்ன வீடியோ, எதற்காகப் பார்க்கவேண்டும் என்பதே வாசகருக்குத் தெரியாது.

வீடியோ ஓடாவிட்டாலும் பதிவு முழுசாகப் புரியவேண்டும். வீடியோ நாளைக்கு நீக்கப்படலாம், வாசகர் ஹெட்ஃபோன் இல்லாமல் சத்தம் போடக்கூடாத இடத்தில் இருக்கலாம். "மீதி வீடியோவில்" என்பது பாதிக் கதையில் கதவைச் சாத்துவது மாதிரி.

படம் பிடிப்பதில் ஒன்று. கேமராவை எதிரே வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வலது கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும், அவர் மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டே பார்க்கவேண்டும், முடிச்சு மாதிரி விஷயத்தில் இது கொடுமை. தோளுக்கு மேலிருந்து, உங்கள் கண் பார்க்கிற திசையிலேயே எடுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை நூல் ஒன்றும் தெரியாது, படம் எடுக்கிற நாளில் மட்டும் சிவப்பு நூல் போடுங்கள். ஒவ்வொரு அசைவும் முடிந்ததும் கையை ஒரு நொடி அப்படியே நிறுத்தினால் பார்ப்பவர் அங்கே நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். இதெல்லாம் நான் கயிறு முடிச்சுகளைப் பற்றி எழுதியபோது எல்லாவற்றையும் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

---

டயல்டோன்:

பக்கம் மெதுவாகத் திறப்பது பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது மேலே வந்துவிட்டது.

யூடியூப் தருகிற ஐஃப்ரேமை, அதாவது வீடியோவைப் பக்கத்துக்குள் காட்டும் நிரல் துண்டை, அப்படியே ஒட்டினால் வாசகர் ஓடவிடும் பொத்தானைத் தொடாவிட்டாலும் பிளேயருக்கான ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் இறங்கும். ஒரு பதிவில் நாலு ஐஃப்ரேம் என்றால் அந்த வேலை நாலு முறை, அதுவும் செல்பேசியில். இதற்கு எளிய வழி, வீடியோவின் முகப்புப் படத்தை மட்டும் வைத்து, அதைத் தொட்டபிறகுதான் உண்மையான பிளேயரை வரவழைப்பது. 'லைட் யூடியூப் எம்பெட்' என்று இதற்கென்றே இலவச நிரல் இருக்கிறது, வேர்ட்பிரஸிலும் இதைச் செய்யும் செருகுநிரல்கள் கிடைக்கும். அது முடியாவிட்டால் குறைந்தபட்சம் ஐஃப்ரேமில் 'லோடிங்' என்ற பண்புக்கு 'லேஸி' என்று மதிப்புக் கொடுங்கள், வாசகர் கீழே உருட்டி அருகில் வரும்வரை இறங்காது. வீடியோ வரும் பெட்டிக்கு 16:9 என்று சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரலில், இடம் ஒதுக்கியும் விடுங்கள், இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் குதித்துக் கீழே இறங்கும், படிப்பவருக்கு எரிச்சலாக இருக்கும்.

சொந்த சர்வரா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் என்கோட் செய்த வீடியோ நிமிடத்துக்கு 15 மெகாபைட். 14 நிமிடம் 210 மெகாபைட், ஆயிரம் பேர் முழுசாகப் பார்த்தால் 210 ஜிகாபைட். சாதாரண ஹோஸ்டிங் தாங்காது. அதுவும் இல்லாமல் யூடியூப் மாதிரியான தளங்கள் ஒரே வீடியோவைப் பல தரத்தில் வைத்துக்கொண்டு, இணைப்பு தொய்ந்தால் தரத்தைக் குறைத்துத் தரும், உங்கள் ஒற்றைக் கோப்பு அப்படிச் செய்யாது, நின்று நின்றுதான் ஓடும். ஆனால் மேலே நண்பர் சொன்ன 40 நொடித் துண்டு வெறும் 10 மெகாபைட்தான், சத்தமும் வேண்டாம், தரத்தைக் கொஞ்சம் இறக்கினால் இன்னும் குறையும். அதைத் தாராளமாக உங்கள் இடத்திலேயே வைக்கலாம். எச்.264 என்ற சுருக்கும் முறையில் (கோடெக்) எம்பி4 கோப்பாக ஆக்குங்கள், அநேகமாக எல்லா பிரவுசரிலும் ஓடும். வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' தேர்வை மறக்காதீர்கள், கோப்பின் அட்டவணை கடைசியில் இருந்தால் ஓட ஆரம்பிக்கத் தாமதமாகும், இது அதை முன்னால் கொண்டுவந்துவிடும். வீடியோ டேகில் 'போஸ்டர்' படம் ஒன்று கொடுத்து, 'பிரிலோட்' என்பதை 'நன்' என்று வைத்தால் தொடும்வரை ஒன்றும் இறங்காது.

இவ்வளவு சின்னத் துண்டுதானே, ஜிஃப் ஆக்கிவிடலாம் என்று மட்டும் போகாதீர்கள். 1987-ல் வந்த வடிவம், ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம், அதே காட்சி எம்பி4-ஐ விடப் பல மடங்கு பெரிதாக வரும், நிறுத்திப் பார்க்கவும் முடியாது.

தானாக ஓடவிடுவதும் வேண்டாம். 2018-லிருந்து குரோம், வாசகர் எதையும் தொடாமல் சத்தத்தோடு ஓட அநேகமாக விடுவதில்லை. சத்தம் இல்லாமல் ஓடும்தான், ஆனால் நான் படிக்கிற வரிக்குப் பக்கத்தில் ஏதோ ஆடிக்கொண்டே இருந்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

---

ஊசியும்நூலும்:

இரண்டு பேருக்கும் நன்றி. கேமரா எதிரேதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். முகம் தெரியவேண்டும் என்று வைத்தது. அப்படியானால் அந்த நீள வீடியோக்களை எல்லாம் தூக்கிவிடவா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரக் கடைசி போயிருக்கிறது, மனசு வரவில்லை.

---

வரிமேல்வரி:

தூக்காதீர்கள். பழையமோடம் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கையெல்லாம் பசையோடு ஒருவர் உங்களோடு சேர்ந்தே வேலை செய்துகொண்டிருக்கும்போது அவரால் பக்கத்தை உருட்டிக்கொண்டிருக்க முடியாது, அவருக்கு அந்த 14 நிமிடம் கூடவே ஓடுவதுதான் வேண்டும். அதற்கு உச்சியில் இடம் தரவேண்டியதில்லை. பதிவின் கடைசியில் "முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்க்க" என்று ஒரு வரி எழுதி அதன் கீழே வையுங்கள். யூடியூப் விளக்கக் குறிப்பில் நேரங்களை எழுதினால் அதுவே அத்தியாயமாகப் பிரித்துக் காட்டும்: முதல் நேரம் 0:00 ஆக இருக்கவேண்டும், வரிசையாகக் குறைந்தது மூன்று நேரம் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக்கூடாது. ஐஃப்ரேம் முகவரியில் 'ஸ்டார்ட்', 'எண்ட்' என்று நொடிக் கணக்கு கொடுத்து உங்கள் நீள வீடியோவிலிருந்தே முடிச்சுப் பகுதியை மட்டும் அந்தப் பத்தியின் கீழ் ஓடவிடவும் முடியும். புதிதாக எடுக்கும்வரை இது போதும்.

எனக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் இன்னொன்று. வசன வரி போடுங்கள். தானாக வரும் வரிகளை நம்பிவிடாதீர்கள், தொழில் சொல் வந்தாலே அவை எதையோ எழுதிவைக்கும், நான் ஒன்றுக்கு இரண்டு முறை குழம்பியிருக்கிறேன். அதைப் பதிவிறக்கித் திருத்தி மறுபடி ஏற்றினால் 14 நிமிட வீடியோவுக்கு ஒரு மாலை நேரம் ஆகும், அவ்வளவுதான். பதிவுசெய்த வீடியோவின் பேச்சுக்கு வசன வரி என்பது டபிள்யூசிஏஜி என்ற, மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்துவதற்கான அணுகல் நெறிகளில் 'ஏ' மட்டத்திலேயே, அதாவது அடிமட்டத்திலேயே இருக்கிறது. சத்தமில்லாத கைத்துண்டுக்கு வசனம் தேவையில்லை, ஆனால் அதில் நடப்பதை அருகே எழுத்திலும் சொல்லுங்கள், கண் தெரியாதவரும் உங்கள் பதிவைத் திரைவாசிப்பானில் கேட்கலாம். அப்புறம், திரையின் அடியில் எழுத்துப் போடாதீர்கள், வசன வரி அதன்மேலேயே வந்து உட்காரும்.

காது கேட்கிறவர்களுக்காகவும் ஒரு வார்த்தை: என் வீட்டில் எல்லாரும் சொல்வது, படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வோம், குரல் எதிரொலித்தால் மூடிவிடுவோம் என்று. சட்டையில் குத்துகிற மைக் வாங்குங்கள், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும்.

---

பழையமோடம்:

பசைக் கையை நான் யோசிக்கவில்லை. சரி, கடைசியில் இருக்கட்டும். ஆனால் அந்த அறிமுகத்தை வெட்டுங்கள், பசைக் கையோடு அதைத் தள்ளிவிடவும் முடியாதே.

---

சும்மாவந்தவன்:

கூகுள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் கூகுள் இதை மாற்றிவிட்டது. வீடியோவே பக்கத்தின் முதன்மை உள்ளடக்கமாக இருந்தால்தான் தேடலின் வீடியோ பிரிவில் அந்தப் பக்கத்தைக் காட்டும். எழுத்துக்குத் துணையாக வீடியோ இருக்கிற வலைப்பதிவு இதில் சேராது, கூகுளே இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறது. ஆக வீடியோவை வைத்துவிட்டாலே மேலே ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். உங்களுக்கு வந்துகொண்டிருந்த வாசகர்கள் உங்கள் எழுத்தைத் தேடித்தான் வந்திருப்பார்கள், அதை இரண்டு பத்தியாகக் குறைத்தால் தேடலுக்கு அங்கே என்ன கிடைக்கும்? நீள வீடியோவுக்குத் தேடலில் இடம் வேண்டும் என்றால் அதற்கென்று தனிப் பக்கம் வைத்து, வீடியோவை உச்சியில் போட்டு, பதிவிலிருந்து இணைப்புக் கொடுங்கள். நான் அந்தச் சிரமம் எடுக்கமாட்டேன்.

வீடியோ முடிந்ததும் வேறு யாருடைய வீடியோவோ வந்து வாசகரை இழுத்துக்கொண்டு போகும், அதற்கும் ஒன்று செய்யலாம். ஐஃப்ரேம் முகவரியில் 'ரெல்' என்பதற்கு 0 கொடுத்தால் முன்பெல்லாம் பரிந்துரையே வராது. 2018 செப்டம்பருக்குப் பிறகு அப்படி இல்லை, உங்கள் சேனலின் வீடியோக்களை மட்டும் காட்டும். அதுவும் லாபம்தான்.

---

ஊசியும்நூலும்:

பத்து நாள் கழித்து வருகிறேன். ஒரே ஒரு பழைய பதிவை எடுத்துத் திருத்தினேன். எழுத்தை முழுசாகத் திரும்ப எழுதினேன், அளவுகள் எல்லாம் உள்ளே. முடிச்சுக்கு 38 நொடித் துண்டு, சத்தமில்லாமல். செல்பேசியை மேசை விளக்கின் கழுத்தில் டேப் போட்டு ஒட்டித் தோளுக்கு மேலிருந்து எடுத்தேன். முதல் தடவை என் கட்டைவிரலே ஊசியை மறைத்துவிட்டது, இரண்டாவது தடவை டேப் பிய்ந்து செல்பேசி பசைக் கிண்ணத்தில் விழுந்தது, ஐந்தாவதுதான் சரியாக வந்தது. நீள வீடியோ அறிமுகம் போய் 11 நிமிடமாகிக் கடைசியில் இருக்கிறது, முகப்புப் படம் மட்டும் முதலில் வருகிற மாதிரி. பக்கம் சட்டென்று திறக்கிறது. வசன வரி பாதி முடிந்திருக்கிறது, 'மடிப்பு' என்று நான் சொன்ன இடத்தில் எல்லாம் அது 'படிப்பு' என்று எழுதி வைத்திருந்தது.

"எழுதுவதை நிறுத்திவிட்டீர்களா" என்று கேட்டவர் வந்து, முடிச்சு வந்துவிட்டது, ஆனால் மூன்றாவது துளையில் ஏன் நூல் தொய்கிறது என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னொரு 20 நொடி எடுக்கவேண்டும். சிவப்பு நூலில் கட்டிய அந்த நோட்டுப் புத்தகம் பார்க்கச் சகிக்கவில்லை, கடைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டேன்.