புகைப்புரையில் தோன்றிய 85 டிகிரி

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் என் சித்தப்பாவுக்கு ரப்பர் ஷீட் உலர்த்தும் சிறிய புகைப்புரை ஒன்று இருக்கிறது. உள்ளே வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஷீட் காய்வதற்கு நாள் கூடும். 60-ஐத் தாண்டினால் கொப்புளம் விழுந்து தரம் குறைந்துவிடும். கதவில் கை வைத்துப் பார்த்தே அவர் விறகைக் கூட்டியும் குறைத்தும் வந்ததால், ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை ஒன்றைக் கொண்டு வெப்பத்தை அளந்து காட்ட விரும்பினேன்.

முதலில் எல்எம்35 என்ற வெப்ப சென்சாரைப் பொருத்தினேன். அது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும்; ஊனோவோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படியே ஏறத்தாழ அரை டிகிரி ஆகிவிடுகிறது. 5 வோல்ட்டுக்குப் பதிலாகப் பலகைக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்தை அந்த 1024 படிகளாகப் பிரிக்கும்படி மாற்றியதும் 0.1 டிகிரி வரை நுணுக்கம் கிடைத்தது. ஆயினும் புகைப்புரை வரை எட்டு மீட்டர் வயர் இழுத்தபின் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆகவே, அளவை டிஜிட்டலாகவே அனுப்பும் டிஎஸ்18பி20 சென்சாருக்கு மாறி, அதன் டேட்டா வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் இரவு, 52-இல் நின்றிருந்த எண் திடீரென 85 ஆனது, எச்சரிக்கைக்காகப் பலகையில் இணைத்திருந்த பஸ்ஸர் அலறியது. "தீ பிடிச்சாச்சா மக்களே?" என்று கேட்டபடியே சித்தப்பா ஓடிவந்து கதவைத் திறந்தார். ஷீட்டுகள் மூங்கில் கழிகளில் அப்படியே தொங்கின. அடுப்பில் கங்கு மட்டுமே கிடந்தது.

அந்த 85 அளந்து வந்த எண்ணே அன்று. மின்சாரம் அறுந்து மீண்டும் வரும்போது டிஎஸ்18பி20-இன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு அது. நான் முறுக்கி டேப் மட்டும் சுற்றியிருந்த இணைப்பு, ஈரமும் கரியும் ஏறித் தளர்ந்து, ஒரு கணம் விட்டுப்போயிருந்தது. அளக்கச் சொன்னபின் 12 பிட் நுணுக்கத்துக்கு வேண்டிய 750 மில்லிநொடி காத்திராமல் படித்தாலும் முதல் முறை இதே எண்தான் வரும் என்பதால், புதிதாகத் தொடங்குவோர் நிரலையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டுகிறேன்.

இணைப்பைப் பற்றவைத்து, மேலே வெப்பத்தில் சுருங்கும் உறையைப் போட்டேன். இப்போது 60-க்கு மேல் எண் வந்தால் நிரல் இரண்டு நொடி கழித்து மறுபடியும் அளந்து, அப்போதும் கூடுதலாக இருந்தால் மட்டுமே பஸ்ஸரை நீளமாக ஒலிக்கச் செய்கிறது. வயர் அறுந்ததைக் குறிக்கும் மைனஸ் 127 வந்தால் இரண்டு முறை விட்டுவிட்டு ஒலிக்கிறது.